புலிகேசின்னா ஏன் சிரிப்பு வருது?

டிஸ்கி: இது வடிவேலுவுக்கு எதிரான பதிவு இல்லை. அந்தப் படத்தை நான் பத்து தடவையாவது பார்த்திருப்பேன். நாளைக்கு டிவியில போட்டாலும் உட்கார்ந்து பார்ப்பேன்.

எங்க ஷிஃப்டுல கன்னடக்காரர் ஒருத்தர் இருக்கார். பாகல்கோட்டை மாவட்டம், பாதாமிக்குப் பக்கத்துல ஒரு கிராமம். பென்னலூர் வந்து நாலு வருஷமாச்சு. தமிழ் நல்லாவே பேசுவார், நம்ம சாம்பாரோட மட்டும் இன்னும் சமரசம் ஆகலை. போன மாசம் ஒரு ராத்திரி ஷிஃப்டுல டீ குடிச்சுக்கிட்டே ஆளாளுக்கு ஊர்ப்பெருமை அளந்துகிட்டு இருந்தோம். அவர் முறை வந்தப்போ, "எங்க ஊரு ராஜா ஊரு சார். இம்மடி புலிகேஷி ஆண்ட ஊரு"ன்னார்.

என் காதுல 'இம்சை'ன்னு விழுந்தது. சிரிச்சுட்டேன். சுத்தி உட்கார்ந்திருந்த எல்லாருமே சிரிச்சோம். ஒரு பையன் எழுந்து நின்னு மீசையை முறுக்குற மாதிரி நடிச்சே காட்டினான். அவர் எங்களையே பார்த்துட்டு, "எதுக்கு சார் சிரிக்கிறீங்க?"ன்னு நெசமாவே புரியாம கேட்டார். 2006ல வந்த 'இம்சை அரசன் 23ம் புலிகேசி' கதையைச் சொன்னோம். அவரும் மரியாதைக்குச் சிரிச்சார். அப்புறம் மெதுவா, "இம்மடின்னா ரெண்டாவது சார். எங்களுக்கு ராஜ்குமார் நடிச்ச படம் இருக்கு, 1967. எங்கப்பா இன்னும் அந்தப் படத்தைப் பத்திப் பேசுவார்"ன்னார்.

டீ பிரேக் முடிஞ்சுபோச்சு. எனக்குத்தான் விடியற வரைக்கும் உறுத்திக்கிட்டே இருந்தது.

அந்தப் படத்துல வர்ற ராஜாவுக்கும் சாளுக்கியருக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. அது வெள்ளைக்காரன் காலத்துக் கதை. ஆனா அந்தப் பேரை வெச்ச உடனே நமக்குச் சிரிப்பு வருதே, அதுக்குக் காரணம் 2006க்கு முன்னாடியே இருக்கு. நம்மில் பெரும்பாலானவங்களுக்கு மாமல்லரும் புலிகேசியும் சரித்திரப் புத்தகத்துல இருந்து வந்தவங்க இல்லை. 1940களில் கல்கி எழுதின 'சிவகாமியின் சபதம்' வழியா வந்தவங்க. அதுல சிவகாமியும் ஆயனரும் கற்பனை. நாகநந்தியும் கற்பனை. மாமல்லர் காதலன், வீரன், சபதத்தை முடிப்பவர். அப்போ எதிர்ல நிக்கிறவர் வில்லனாகத்தானே இருக்கணும்? கல்கியைக் குறை சொல்லலை. அவர் புலிகேசியை ஒன்றும் கோமாளியாக எழுதவில்லை. ஆனா வில்லனைக் கோமாளியாக்க ரொம்ப நேரம் ஆகாது, ஒரு தலைமுறை போதும்.

இன்னொண்ணும் கவனிச்சுப் பாருங்க. நாம பேசும்போது "மாமல்லர் வென்றார்"னு சொல்வோம். "புலிகேசி ஓடினான்"னு சொல்வோம். அவங்க ஊர்ல இது அப்படியே தலைகீழா இருக்கும். இந்தப் பதிவில் ரெண்டு பேருக்கும் 'ர்' போட்டுத்தான் எழுதப் போறேன். கோபம் வர்றவங்க பின்னூட்டத்துல கும்முங்க :)

சரி, யார் இந்த இம்மடிப் புலிகேசி?

சின்ன வயசிலேயே அப்பா போயிட்டார். சித்தப்பா மங்களேசன் ஆட்சியைப் பிடிச்சுக்கிட்டு, தன் பையனுக்கே பட்டம் கட்டப் பார்த்தார். புலிகேசி படை திரட்டி, சித்தப்பாவோடயே சண்டை போட்டு, 610ஐ ஒட்டி அரியணைக்கு வந்தார். வடக்கே முக்காவாசி நாட்டைக் கையில் வெச்சிருந்த ஹர்ஷவர்த்தனர் தெற்கே வந்தபோது நர்மதைக்கு இந்தப் பக்கம் வர விடாமல் நிறுத்தினது இவர்தான். இதை இவர் ஆட்கள் மட்டும் சொல்லவில்லை. 640ஐ ஒட்டி அந்த நாட்டுக்குப் போன சீன யாத்ரீகர் யுவான் சுவாங்கும் சொல்றார். ஹர்ஷரால் பணியவைக்க முடியாத ராஜா என்று புலிகேசியின் பேரையே குறிப்பிட்டு எழுதியிருக்கார். அந்த நாட்டு ஜனங்களைப் பற்றியும் சொல்றார்: உபகாரம் செய்தால் மறக்க மாட்டார்களாம், அவமானப்படுத்தினால் விட மாட்டார்களாம். தோற்று வருகிற தளபதியைத் தண்டிக்காமல் பெண்கள் உடையைக் கொடுத்து விடுவார்களாம், அந்த மானக்கேட்டிலேயே அவன் உயிரை விட்டுவிடுவானாம். (அது ஏன் பெண்கள் உடை அவமானம் என்பது தனிப் பதிவுக்கான விஷயம்.)

அதே யுவான் சுவாங் காஞ்சிபுரத்துக்கும் வந்தார். நூறு சங்காராமங்கள், பத்தாயிரம் பிக்குகள் என்று கணக்கு எழுதி வைத்திருக்கிறார். யோசிச்சுப் பாருங்க. ஒரே மனுஷர், ஓரிரு வருஷ இடைவெளியில் ரெண்டு நாட்டையும் பார்த்திருக்கார். ரெண்டும் நல்லாத்தான் இருந்திருக்கு. அடுத்த ரெண்டு வருஷத்துல ஒண்ணு எரிஞ்சுபோச்சு.

இப்போ சண்டைக்கு வருவோம். இந்த இடத்தில்தான் நம்ம ஏரியா வருது.

முதல் ரவுண்டு மாமல்லரின் அப்பா மகேந்திரவர்மர் காலத்துல. செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு எதுவும் இல்லாமல் கோயில் கட்டியதாக மண்டகப்பட்டில் எழுதி வைத்தவர், 'மத்தவிலாசம்' என்ற நகைச்சுவை நாடகத்தை எழுதியவர். அவர் மேல் புலிகேசி படையெடுத்து வந்தார். புலிகேசி தரப்பு சொல்வது ஐஹொளேயில் இருக்கிற கல்வெட்டு. 634ல் ரவிகீர்த்தி என்ற கவிஞர் எழுதியது. பல்லவர் தலைவரைச் சாளுக்கியப் படை கிளப்பின புழுதி மூட, அவர் காஞ்சி மதிலுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டார் என்கிறது. நம்ம தரப்பு சொல்வது காசக்குடிச் செப்பேடு. புள்ளலூரில் மகேந்திரர் எதிரிகளை அழித்தார் என்கிறது. அந்தச் செப்பேடு இரண்டாம் நந்திவர்மர் காலத்தது, அதாவது சம்பவம் நடந்து நூறு வருஷத்துக்கு மேலே ஆன பிறகு எழுதினது. ரெண்டும் உண்மையா இருக்க வாய்ப்பு உண்டு. மதிலுக்குப் பின்னால் போனவர் பிறகு வெளியே வந்து விரட்டியிருக்கலாம். ஆனா நம்ம ஆட்கள் காசக்குடியை மட்டும் படிப்பாங்க, அவங்க ஆட்கள் ஐஹொளேயை மட்டும் படிப்பாங்க.

ரெண்டாவது ரவுண்டு 642ஐ ஒட்டி. 630ல பட்டத்துக்கு வந்த முதலாம் நரசிம்மவர்மர், அதாவது மாமல்லர். அவர் பேரன் பரமேஸ்வரவர்மர் கொடுத்த கூரம் செப்பேட்டில்தான் இந்தச் சண்டையைப் பற்றிய விவரம். (கூரம் காஞ்சிக்குப் பக்கத்து ஊர்தான்.) பரியளம், மணிமங்கலம், சூரமாரம் முதலான இடங்களில் தோற்று ஓடிய புலிகேசியின் முதுகையே பட்டயமாக்கி, அதில் 'விஜயம்' என்ற எழுத்துக்களை மாமல்லர் பொறித்தார் என்று சொல்கிறது. என்ன ஒரு கற்பனை! செப்பேட்டில் எழுதுகிற ஆளுக்குச் செப்பேடே உவமை.

இந்த மணிமங்கலம் வேறெங்கோ இல்லை. ஸ்ரீபெரும்புதூர்ல இருந்து தாம்பரம் போற ரோட்டுல இருக்கிற அதே மணிமங்கலம்தான். எங்க ரூம்ல இருந்து இருபது கிலோமீட்டருக்குள்ள. நம்ம காரிடாரில் வேலை செய்யும் ஆயிரக்கணக்கான பேர் கம்பெனி பஸ்ஸில் அந்த வழியாகத் தூங்கிக்கொண்டே போகிறார்கள். நானும்தான்.

மேப்பை எடுத்துப் பாருங்க. காஞ்சிக்குக் கிழக்கே முப்பத்தைந்து, நாற்பது கிலோமீட்டரில் இருக்கு மணிமங்கலம். பாதாமி வடமேற்கே, நேர்கோட்டில் அளந்தாலே 550 கிலோமீட்டர். தோற்று ஓடுகிற ராஜா தன் ஊர்ப் பக்கம் ஓடாமல் கடல் பக்கமா ஓடுவார்? எனக்குத் தோணுவது இதுதான். மணிமங்கலத்தில் நடந்தது துரத்தல் இல்லை. காஞ்சியைச் சுற்றி வளைத்து, கடற்கரைக்கும் தலைநகருக்கும் நடுவில் வரைக்கும் சாளுக்கியப் படை வந்துவிட்டது. மாமல்லர் தன் வீட்டு வாசலில், இந்த ஏரிகளுக்கும் வயல்களுக்கும் நடுவில் நின்று, தோற்றால் எல்லாம் போய்விடும் என்ற நிலைமையில் சண்டை போட்டிருக்கிறார். ஒரே சண்டையில் தீரவும் இல்லை, செப்பேடே மூணு இடத்தைப் பேர் சொல்லி, 'முதலான' என்றும் சேர்த்துக்கொள்கிறது. முதுகில் எழுதின கதையை விட இதுதான் பெரிய கதை என்பேன். வந்தவர் ஹர்ஷரையே நிறுத்தினவர். அவரைக் கோமாளி என்று வைத்துக்கொண்டால் மணிமங்கலத்தில் மாமல்லர் ஜெயித்தது என்ன பெரிய விஷயம்? கோமாளியை யார் வேணும்னாலும் ஜெயிப்பாங்களே.

அதுக்கப்புறம் மாமல்லர் அங்கேயே நிற்கவில்லை. வாதாபி வரைக்கும் போனார். பெரியபுராணத்தில் சிறுத்தொண்டராக வருகிற பரஞ்சோதியார் வாதாபியைத் துகளாக்கிப் பொன்னும் மணியும் யானையும் குதிரையும் கொண்டு வந்தார் என்று சேக்கிழார் ஐந்து நூற்றாண்டுக்குப் பிறகு பாடினார். மாமல்லரின் 13ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு பாதாமிப் பாறையில் சிதைந்த நிலையில் இன்றும் இருக்கிறது. அதோடு புலிகேசி சரித்திரத்திலிருந்து காணாமல் போகிறார். சாளுக்கிய நாட்டில் அதற்குப் பிறகு ஏறத்தாழ பதின்மூன்று வருஷம் நிலையான ராஜாவே இல்லை. பள்ளிக்கூடத்துல "வாதாபி கொண்டான்" என்று ரெண்டு மார்க் கேள்விக்கு எழுதினோமே, அந்தப் பதின்மூன்று வருஷம் அந்த ஊர்ல பொழைச்சவங்க எப்படிப் பொழைச்சாங்கன்னு நான் ஒரு நாளும் யோசிச்சதில்லை. எதிர்ல உட்கார்ந்து டீ குடிக்கிறவர் அந்த ஊர்க்காரராக இருக்கும்போதுதான் யோசனை வருது.

பேரைச் சொன்னா சிரிப்பு வரும் ராஜா நம்ம ஊரில் மட்டும் இல்லை. மாமல்லர் பட்டத்துக்கு வந்ததற்கு ஒரு வருஷம் முன்னால், 629ல், ஐரோப்பாவில் பிராங்குகளின் முழு நாட்டுக்கும் டாகோபெர்ட் என்பவர் ராஜாவானார். பாரிஸைத் தலைநகராக்கினார். செயின்ட் டெனிஸ் மடத்துக்கு வாரி வாரிக் கொடுத்து, 639ல் அங்கேயே அடக்கமும் ஆனார். அவர் வம்சத்தில் உண்மையிலேயே அதிகாரத்தோடு ஆண்ட கடைசி ராஜா என்று சொல்வார்கள். பிரெஞ்சுக் குழந்தைகளுக்கு இதெல்லாம் தெரியுமோ என்னமோ. அவர் கால்சட்டையைத் திருப்பிப் போட்டுக்கொண்டு வந்தார் என்ற பாட்டு நல்லாத் தெரியும். ஆயிரத்து நூறு வருஷம் கழித்து, ராஜாக்களையே கிண்டலடிக்க யாரோ கட்டின பாட்டு. அவருக்குப் பின் வந்த ராஜாக்கள் கதி இன்னும் மோசம். அவர்களை இறக்கிவிட்டு வந்த வம்சத்தின் ஆள் ஐன்ஹார்டு, நீள முடியோடு மாட்டு வண்டியில் போன வெத்து வேட்டுகள் என்று எழுதி வைத்துவிட்டார். ஜெயித்தவன் வீட்டுக் கணக்குப்பிள்ளை எழுதின கதை, அதுதான் நின்றது. ஆனா ஒரு வித்தியாசம் இருக்கு. பிரெஞ்சுக்காரங்க தங்கள் ராஜாவையே கிண்டல் பண்ணிக்கிறாங்க. நாம அடுத்த ஊரு ராஜாவைப் பண்றோம். ரெண்டும் ஒண்ணு இல்லை.

சரி, மாமல்லரையாவது நமக்கு ஒழுங்காத் தெரியுமா? செப்பேடுகளில் அவர் வாதாபியை அழித்த அகத்தியர், இலங்கையை வென்றதில் ராமரையும் மிஞ்சியவர். மனுஷராக எங்கேயும் காணோம். எனக்குத் தெரிந்து அவர் மனுஷராகத் தெரிவது சிங்கள நாட்டுச் சூளவம்சத்தில்தான். அதுவும் பல நூற்றாண்டு கழித்து எழுதியதுதான், ஆனால் இவரைப் புகழவேண்டிய தேவை அவர்களுக்கு இல்லை. நாட்டை இழந்து வந்த இலங்கை இளவரசன் மானவர்மன் இவரிடம் தங்கியிருந்தான். ஒரு நாள் ரெண்டு பேரும் ஆளுக்கொரு யானையில் போகிறார்கள். ராஜாவுக்குத் தாகம். இளநீர் குடித்துவிட்டு மீதியை மானவர்மனிடம் கொடுக்கிறார். எச்சில் ஆயிற்றே என்று ஒரு கணம் யோசித்தாலும், நண்பர்தானே என்று அவன் குடித்துவிடுகிறான். அவன் குடித்து வைத்த மீதியை ராஜா வாங்கிக் குடிக்கிறார். வாதாபியை எரித்தவரும் இவர்தான், அகதியாக வந்தவனின் எச்சிலைக் குடித்தவரும் இவர்தான். அப்புறம் ரெண்டு தடவை படை அனுப்பி அவனை இலங்கை அரியணையில் உட்காரவும் வைத்தார். கல்கி நாவலை விட இந்த ஒரு இளநீரில் எனக்கு மாமல்லர் அதிகம் தெரிகிறார்.

சண்டை 642லேயே முடிஞ்சதா என்றால், இல்லை. புலிகேசியின் மகன் விக்கிரமாதித்தர் எழுந்து வந்து காஞ்சியைப் பிடித்ததாக 674ஆம் வருஷத்துக் கத்வால் பட்டயம் சொல்கிறது. அவரைப் பரமேஸ்வரவர்மர் கந்தல் துணியோடு ஓட விட்டார் என்று அதே கூரம் செப்பேடு சொல்கிறது. தாத்தாவுக்கு முதுகு, பேரனுக்குக் கந்தல். ஒரே டெம்ப்ளேட். அப்புறம் 740ஐ ஒட்டி இரண்டாம் விக்கிரமாதித்தர் காஞ்சிக்குள்ளேயே வந்துவிட்டார். வாதாபிக்குப் பழி வாங்க வேண்டிய நேரம். அவர் காஞ்சியை எரிக்கவில்லை. கைலாசநாதர் கோயிலின் செல்வத்தைப் பார்த்துவிட்டு, அதைக் கோயிலுக்கே திருப்பிக் கொடுத்துவிட்டு, அதைக் கன்னடத்தில் அங்கேயே பொறித்துவிட்டுப் போனார். கோயில் மண்டபத் தூணில் இன்றும் இருக்கிறது. நம் பாடப் புத்தகத்தில் இதை நான் படித்த ஞாபகம் இல்லை.

என் கோரிக்கை ரொம்பச் சின்னது. புள்ளலூரில் 1780ல் ஹைதர் அலி படை ஆங்கிலேயரைத் துவைத்தது. அடுத்த வருஷம் அங்கே மறுபடி சண்டை. அந்த 1781 சண்டையில் செத்த ரெண்டு ஆங்கில அதிகாரிகளுக்கு அந்த ஊரில் நினைவுத் தூண்கள் நிற்கின்றன. மணிமங்கலத்தில் என்ன இருக்கு? ராஜகோபாலப் பெருமாள் கோயிலில் சோழர் கல்வெட்டுகள் இருக்கின்றன. அதுவும் ஒரு வேடிக்கை. நானூறு வருஷம் கழித்து ராஜாதிராஜரும் வீரராஜேந்திரரும் மேலைச் சாளுக்கியரை வென்ற கதையைக் கொண்டுவந்து இங்கேதான் வெட்டியிருக்கிறார்கள். 642க்கு ஒரு பலகை கூட என் கண்ணில் படவில்லை. கம்பெனிகளுக்கு வழிகாட்டும் பலகை இந்தப் பக்கம் எத்தனை இருக்கு! அதில் ஒன்றை மணிமங்கலம் ஏரிக்கரையில் வைக்கலாம். ரெண்டு ராஜா பேரும் ஒரே அளவு எழுத்தில், தமிழிலும் கன்னடத்திலும். கன்னடத்தில் எதுக்கு என்று கேட்பவர்களுக்கு, கைலாசநாதர் கோயில் தூணைப் பார்த்துவிட்டு வரச் சொல்வேன்.

ரெண்டு வாரம் முன்னாடி ஞாயித்துக்கிழமை அவரையும் பைக்கில் ஏத்திக்கிட்டு மணிமங்கலம் போனேன். மன்னிப்பு கேட்கிற மாதிரின்னு வெச்சுக்குங்களேன். கோயிலைப் பார்த்தோம், ஏரிக்கரையில் கொஞ்ச நேரம் நின்னோம். "எங்க சார் சண்டை நடந்துச்சு?"ன்னார். கையைச் சும்மா ஒரு அரை வட்டமாக் காட்டினேன், வேற என்ன செய்ய! அவர் ஏரியை போட்டோ எடுத்து அப்பாவுக்கு அனுப்பினார். பத்து நிமிஷத்துல அப்பாகிட்ட இருந்து போன். கன்னடத்துல என்னமோ நீளமாப் பேசினார். வெச்சதும், "என்ன சொல்றார்?"னு கேட்டேன். "இவ்ளோ தூரம் ஏன்டா போனார் நம்ம ராஜா, வீட்டுலயே இருந்திருக்கலாம்லன்னு கேக்குறார் சார்"ன்னார். இந்தத் தடவை ரெண்டு பேரும்தான் சிரிச்சோம்.

தசரா லீவுக்குப் பாதாமி கூப்பிட்டிருக்கார். பாறையில் இருக்கிற நம்ம ஆள் கல்வெட்டைக் காட்டுறாராம். அதுக்கு முன்னாடி ஒரு நாள் அவரைக் காஞ்சிபுரம் கூட்டிட்டுப் போகணும். அந்தத் தூணில் இருக்கிற கன்னடத்தை அவரால் படிக்க முடியுதான்னு பார்க்கணும். பழைய எழுத்து, கஷ்டம்தான்னு இப்பவே சொல்லிட்டார்.